கட்டுரைகளில் வாழும் டாக்டர் சுப்பாராவ்

பட்டான்செரு, பொல்லாரம் வட்டாரத்து மருந்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் தமிழர்களுக்குப் போலிக் அமிலம், மெத்தோடிரெக்சேட், யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசைன் ஆகியவை பழகிய பெயர்களாக இருக்கலாம். ஆனால் இம்மூன்றின் வரலாற்றிலும் இடம் பெற்ற ஒரு மனிதரின் பெயரை அறிந்தவர் சிலரே. அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அந்நாளைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ல் அவர் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரு முறை தவறி, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை வகுப்புக்கும் கதர் அணிந்து சென்றது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே. அந்நாட்களில் 'ஸ்புரூ' என்னும் குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார். அதே நோய் அவரையும் பிடித்து, ஆயுர்வேத சிகிச்சையால் விட்டது.

1923-ல் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே, வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவுநேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்தார்.

1925-ல் பேராசிரியர் சைரஸ் பிஸ்கேயுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை அது. திரவத்தில் ரசாயனம் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அழுத்தமோ, பாஸ்பரஸ் அவ்வளவு. எளிய முறையாதலால் உலகெங்கும் சோதனைக்கூடங்கள் அதை ஏற்றன.

ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதும்போது, தாம் பயன்படுத்திய முந்தைய கட்டுரைகளைக் கடைசியில் குறிப்பிடுவது வழக்கம். எந்தக் கட்டுரை எத்தனை முறை இவ்வாறு குறிப்பிடப்பட்டது என்று எண்ணும் அட்டவணையை 1964-ல் அமெரிக்காவில் யூஜின் கார்பீல்டு வெளியிடத் தொடங்கினார். அந்தக் கணக்கில், 1925-ன் கட்டுரை பல்லாயிரம் முறை குறிப்பிடப்பட்டு முன்வரிசையில் நின்றது. எழுதியவரோ அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

அதே நீல நிறச் சோதனையின் துணையோடு பிஸ்கேயும் அவரும் தசையில் பாஸ்போகிரியேட்டினை 1927-லும், ஏ.டி.பி.யை 1929-லும் கண்டனர். ஜெர்மனியில் கார்ல் லோமானும் 1929-ல் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டார். கை தூக்குவதற்கும் கால் நடப்பதற்கும் உடல் செலவழிக்கும் சக்தியின் நாணயம் அது. இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை.

1940-ல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி சோதனைக்கூடத்துக்குச் சென்று, ஆராய்ச்சி இயக்குநரானார். 1945-ல் அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கியது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்புரூ நோயில் வரும் ரத்தசோகைக்கு அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் மருந்தும், ஆரியோமைசினும் அங்கேதான் உருவாயின. போலிக் அமிலத்தை எதிர்க்கும் அமினோப்டெரினை அவருடைய குழு பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பருக்குக் கொடுத்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சிலருக்குத் தற்காலிகமாகக் குணம் தெரிந்ததை 1948 ஜூனில் பார்பர் அறிவித்தார். அக்கட்டுரையை எழுதிய ஐவரில் சுப்பாராவின் பெயர் இல்லை. அந்த வரிசையில் வந்ததே மெத்தோடிரெக்சேட்.

இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், 53 வயதில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஊருக்கு அவர் திரும்பவே இல்லை. மனைவி பார்த்தது 1923-ல்தான் கடைசி. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நோபல் பரிசு அவருக்கு வரவில்லை. ஆனால் அவருடைய குழு உண்டாக்கிய போலிக் அமிலம் இன்று மாத்திரையாகக் கர்ப்பிணிப் பெண்களின் கைக்கு வந்து சேர்கிறது. அதை விழுங்கும் தாய்க்கு அந்தப் பெயர் தெரியாது. பலன் மட்டும் தவறுவதில்லை.