மூப்பு அறியாத கோழி இதயம்!

அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலம். 1873-ம் ஆண்டு பிரான்சில், லியோன் நகருக்கு அருகே அலெக்ஸிஸ் கரேல் பிறந்தார். டாக்டருக்குப் படித்த அவர், துணியில் பூவேலை செய்யும் பெண்மணி ஒருவரிடம் ஊசி பிடிக்கக் கற்றார்! அறுந்த ரத்தக் குழாயைத் தைப்பதற்காகத்தான். அந்தத் தையல் அவருக்கு 1912-ல் நோபல் பரிசை வாங்கித் தந்தது.

அதே ஆண்டு நியூயார்க்கில், கோழிக் கருவின் இதயத்தில் சிறு துணுக்கை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். அதன் உயிரணுக்கள் வருஷக்கணக்கில் பெருகின. கோழி அத்தனை காலம் வாழுமா? உயிரணுவுக்கு மூப்பே இல்லை என்று கரேல் முடிவு கட்டினார். உலகமும் நம்பியது. 1944-ல் அவர் காலமான பிறகும், 1946 வரை குடுவை வளர்ப்பு தொடர்ந்தது.

1961-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் மனித உயிரணுக்களை வளர்த்துப் பார்த்தனர். சுமார் 50 முறை பெருகியதும் அவை ஓய்ந்துவிட்டன! அப்படியானால் கரேலின் கோழி? தீனியாக ஊற்றிய கருச்சாற்றோடு புது உயிரணுக்களும் குடுவைக்குள் புகுந்திருக்கலாம் என்கிறார்கள்.