டாக்டர் பட்நாகர் வகுத்த வழி

ஓட்டளித்துவிட்டு வெளியே வருபவரின் விரலில் ஒரு கறை இருக்கிறது. சோப்புக்கும் மசியாத அந்த மையை உருவாக்கியது டில்லியிலுள்ள தேசீய பௌதிக ஆராய்ச்சிசாலை. தயாரிப்பது மைசூரிலுள்ள ஒரு பெயிண்டுத் தொழிற்சாலை. டில்லியில் கண்ட முறை, 1962-இல், தேசீய ஆராய்ச்சி அபிவிருத்திக் கார்ப்பரேஷன் என்ற ஸ்தாபனத்தின் வாயிலாக லைசென்ஸ் பெற்று மைசூர் சென்றது. விரலைக் காட்டிப் பெருமை கொள்ளும் நாம், அந்த மை வந்த வழியை எண்ணுவதில்லை. அவ்வழியை நம் தேசத்தில் வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஸர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

1894 பிப்ரவரி 21-ந் தேதி, பஞ்சாபில் பேரா என்னும் ஊரில் அவர் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். எஞ்சினீயரான தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில், யந்திரங்களைப் பார்த்தே வளர்ந்தார். லாகூரில் படித்து, லண்டன் சென்று, 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே வருஷம் காசி ஹிந்து சர்வகலாசாலையில் ரஸாயனப் பேராசிரியரானார். 1924 முதல் 1940 வரை லாகூர் அவருடைய கர்மபூமியாயிற்று.

அங்கேதான் அவர் பெயரை நிலைநாட்டிய சம்பவம் நேர்ந்தது. ராவல்பிண்டிப் பக்கத்தில் அட்டாக் எண்ணெய்க் கம்பெனியார் பூமியைத் துளைத்து வந்தனர். துளையில் விடும் சேற்றுக் குழம்பு பூமிக்கடியிலுள்ள உப்புப் படிவத்தைத் தொட்டதும் இறுகிவிடும்; வேலை நின்றுவிடும். யந்திர நிபுணர்கள் கைவிட்ட இந்தச் சிக்கலைப் பட்நாகர் ரஸாயனப் பிரச்னையாகப் பார்த்தார். நம் நாட்டுப் பிசின் ஒன்றைக் குழம்பில் கலக்கச் செய்தார். சேறு இளகியது, துளைப்பும் தொடர்ந்தது.

கம்பெனியின் லண்டன் பிரதிநிதிகள் மகிழ்ந்து, மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தனர். அக்காலத்தில் அது பெருஞ் செல்வம். பட்நாகர் அதைத் தம் கைக்கு வரவிடாமல் சர்வகலாசாலையின் மூலம் தரச் செய்தார். அந்தப் பணத்தில் பெட்ரோலிய ஆராய்ச்சிக்கென்று தனிப் பகுதி தோன்றியது. மாணவர்கள் பலருக்கு வேலை கிடைத்தது. அறிவினால் வந்த லாபம் அறிவை வளர்த்த இடத்திற்கே திரும்ப வேண்டும் என்ற கொள்கையைப் பிரசங்கமாக அல்லாமல், செய்கையாகவே அவர் காட்டினார் என்போம்.

ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் வேறொரு வழியில் சென்றார். ரஸாயனப் பேராசிரியரான அவர், தாமே ஆரம்பித்த மருந்துத் தொழிலை 1901-இல் வங்காள ரஸாயனக் கம்பெனியாக உயர்த்தினார். அது மகத்தான வழி. ஆனால் எல்லா விஞ்ஞானிகளும் தொழிலதிபராக முடியாது. முடியாதவரின் கண்டுபிடிப்பு ஏட்டிலேயே மடிய வேண்டியதுதானா? பட்நாகர் விடை கண்டது இந்தக் கேள்விக்கே.

யுத்தம் வந்து வெளிநாட்டுச் சரக்கு நின்றபோது, 1940 ஏப்ரலில், சர்க்கார் விஞ்ஞான-கைத்தொழில் ஆராய்ச்சிப் போர்டை நியமித்து, பட்நாகரை அதன் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது. வருஷத்திற்கு ஐந்து லட்சம் ரூபாய் மானியம். முடிவுகள் குவியலாயின; அவற்றை எடுத்துச் செய்வார் யார்? 1941 ஆரம்பத்தில், ஆராய்ச்சி முடிவுகளைத் தொழிலில் பயன்படுத்துவதற்கென்றே ஒரு கமிட்டியை அமைக்கச் செய்தார் பட்நாகர். தொழிலதிபர்கள் தரும் ராயல்டியைத் தனி நிதியாகச் சேர்த்து மேல் ஆராய்ச்சிக்குச் செலவிடவும் சர்க்காரை இசைய வைத்தார்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். புது முறையில் பணம் போட முதலாளி ஏன் அஞ்சுகிறார்? தாம் நஷ்டப்பட்டுச் சோதித்ததை அடுத்தவர் இலவசமாக எடுத்துக்கொள்வார் என்ற பயமும் ஒரு காரணம். பேடண்டு அந்த முறையைச் சில வருஷ காலம் காக்கிறது. லைசென்ஸ் அதைச் செய்யும் உரிமையை முதலாளிக்குத் தருகிறது. விற்பனையில் ஒரு பங்கு ராயல்டியாக ஆராய்ச்சிசாலைக்குத் திரும்புகிறது. சொந்தம் தேசத்தினுடையது; உழைப்புத் தொழிற்சாலையினுடையது; பலன் இருவருக்கும்.

1941 நவம்பரில், நம்மவரான ஸர் ஆற்காடு ராமஸ்வாமி முதலியார் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, ஐந்து வருஷத்திற்கு, வருஷம் பத்து லட்சம் ரூபாய் கொண்ட ஆராய்ச்சி நிதிக்கு வழி செய்தார். 1942 செப்டம்பர் 26-ந் தேதி விஞ்ஞான-கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் வேலை தொடங்கியது. தலைவர்கள் சிறையில் இருந்த நாட்கள் அவை. அந்நிய சர்க்காரின் பட்டமும் பதவியும் ஏற்றவர் என்று பட்நாகரைக் குறை கூறுவோர் உண்டு. குறை நியாயமற்றதென்று நாம் சொல்லவில்லை. எனினும், பட்டம் தந்தவர்கள் 1947-இல் கப்பலேறிப் போயினர். அவர் கட்டிய ஸ்தாபனம் நம்மிடம் நின்றது.

சுதந்திரத்திற்குப் பின் ஜவஹர்லால் நேருவின் ஆதரவில் ஆராய்ச்சிசாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948-இல் நேரு அஸ்திவாரமிட்ட மின்-ரஸாயன ஆராய்ச்சிசாலை 1953-இல் திறக்கப்பட்டது. கட்டிடங்கள் பெருகியதால் சர்வகலாசாலைகள் இளைத்தன என்ற கண்டனமும் எழுந்தது. அதிலும் உண்மை உண்டு.

பட்நாகரின் வழியில் கடைசிக் கல் 1953 டிசம்பர் 31-இல் நாட்டப்பட்டது. சர்க்கார் ஆராய்ச்சிசாலைகளின் பேடண்டுகளைத் தொழிற்சாலைகளுக்கு வழங்கத் தேசீய ஆராய்ச்சி அபிவிருத்திக் கார்ப்பரேஷன் அன்று பிறந்தது. ஒரு வருஷமும் ஒரு நாளும் கழிந்து, 1955 ஜனவரி 1-ந் தேதி, மாரடைப்பால் அவர் காலமானார்.

அவர் பெயரால் விஞ்ஞானிகளுக்குப் பரிசு ஏற்பட்டது, அது தக்கதே. ஆனால் அவரை மதிப்பதற்கு அளவுகோல் பரிசுகளல்ல. ஜனங்களின் வரிப்பணத்தில் கண்ட முறைகளில் எத்தனை பட்டறைக்குப் போயின, எத்தனை பீரோவில் உறங்குகின்றன, வந்த ராயல்டி எங்கே திரும்பிற்று என்று ஒவ்வொரு ஆராய்ச்சிசாலையையும் கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. ஓட்டளிக்கும் பிரஜைக்கு அந்த உரிமை உண்டு. அவன் விரலிலுள்ள மையே அதற்குச் சாட்சி.