படுக்கையிலும் ஓயாத நைட்டிங்கேல்: தீராத சோர்வுக்கும் பிரஷருக்கும் தொடர்பு உண்டா?

மே 12 செவிலியர் தினம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள். ‘குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்’ எனும் தீராத சோர்வு நோய்க்கான விழிப்புணர்வு நாளும் அதுதான். கையில் விளக்கோடு இரவெல்லாம் வார்டைச் சுற்றி வந்தவருக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்?

கிரிமியா கொடுத்த காய்ச்சல்

1820இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரே அவர் பெயரானது. 1854 நவம்பரில் 38 செவிலியர்களோடு துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அடுத்த மே மாதம், கிரிமியப் போர்முனையில் கடும் காய்ச்சல். பிழைத்தார், ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. 1857இல், 37 வயதில், மறுபடி படுத்துவிட்டார். படபடப்பு, மூச்சுத்திணறல், முதுகுவலி, தூக்கமின்மை. கொஞ்ச நேரம் பேசினாலே அசந்துபோவார். அதனால் பார்க்க வருபவர்களை ஒவ்வொருவராகத்தான் அனுமதித்தார்.

படுக்கையே ஆபீஸ்

வேலை மட்டும் நிற்கவில்லை. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கியது. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்குள்ள ராணுவ முகாம்களிலிருந்து வந்த பதில்களை அலசினார். பிரிட்டிஷ் வீரர்களில் 1,000 பேருக்கு 69 பேர் ஆண்டுதோறும் சாவதையும், சாக்கடையும் மோசமான குடிநீரும் அதற்குக் காரணம் என்பதையும் 1863 அறிக்கை காட்டியது.

இவ்வளவு வேலை செய்பவருக்கு நோயா, சும்மா நடிப்பு என்றுகூடப் பின்னாளில் சிலர் எழுதினார்கள். 1995இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை, காய்ச்சாத பாலில் பரவும் புரூசெல்லா தொற்று நாள்பட்டதே காரணமாக இருக்கலாம் என்றது.

பிரஷர் எங்கே வருகிறது?

எழுந்து நின்றால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று வேகமாகத் துடித்து, மூளைக்கு ரத்தத்தை அனுப்பும். இது சரியாக நடக்காவிட்டால் தலைசுற்றல், படபடப்பு, அசதி.

அதே 1995இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், சோர்வு நோயாளிகளைச் சாய்மேசையில் கட்டி நிமிர்த்திச் சோதித்தார்கள். 23 பேரில் 22 பேருக்கு உடல் சரியாக ஈடுகொடுக்கவில்லை. நோய் இல்லாத 14 பேரில் 4 பேருக்கு மட்டுமே அப்படி. அப்படியானால் பிரஷரைச் சரிசெய்தால் போதுமா? 2001இல் ஃபுளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை 100 பேரிடம் சோதித்தார்கள். வெறும் மாத்திரையைவிட அது பெரிதாக உதவவில்லை. ஆக, தொடர்பு இருக்கிறது. ஆனால் அது மட்டுமே காரணமல்ல. நிற்கும்போது உடல் தாங்காததை 2015இல் அமெரிக்க நிபுணர் குழு இந்நோயின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

நமக்கு என்ன?

கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்கும் கருவியை ரிவா-ரோச்சி உருவாக்கியது 1896இல். நைட்டிங்கேலுக்கு அப்போது 76 வயது. அவர் 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90 வயதில் இறந்தார். இன்று வேலூர்–ஆரணி சாலையில் உள்ள கண்ணமங்கலம் மாதிரி ஊர்களிலும் பிரஷர் பார்ப்பது சாதாரணம். ஆனால் பெரும்பாலும் உட்காரவைத்தே பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் சோர்வு, எழுந்தால் தலைசுற்றல் என்றால், படுத்த நிலையிலும் நின்ற பிறகு சில நிமிடங்கள் கழித்தும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக உப்பைக் கூட்டுவதோ மாத்திரை போடுவதோ வேண்டாம். வீட்டில் யாராவது எப்போதும் அசதியாக இருக்கிறது என்றால், சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.