சென்னைத் துறையை வரைந்த தாமஸ் டேனியல்

இங்கிலாந்திலே செர்ட்சி என்னும் ஊரில் விடுதி நடத்தி வந்த ஒருவருக்கு 1749ஆம் ஆண்டில் மகனாய்ப் பிறந்தவர் தாமஸ் டேனியல். இளமையில் அவர் வண்டிகளுக்கு வர்ணம் தீட்டும் தொழில் பயின்றார். பின்னர் இலண்டனில் முறையாக ஓவியம் கற்றார். கற்றும் பயன் என்ன? இயற்கைக் காட்சிகளை வரைவோர் அந்நகரில் பலர், வாங்குவோர் சிலர். தந்தையை இழந்த உடன்பிறந்தார் மகன் வில்லியமும் அவரை அண்டி வளர்ந்தான்.

ஆகவே 1785இல் அவ்விருவரும் கப்பலேறினர். சீனம் சென்று, மறு ஆண்டு கல்கத்தாவை அடைந்தனர். அந்நகரக் காட்சிகள் பன்னிரண்டைத் தாமே செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டனர். வட இந்தியாவில் இமயமலைச் சாரல் வரை சென்று வரைந்தனர். வழிச்செலவுக்குப் பணம் வேண்டுமே! வரைந்த ஓவியங்களைக் குலுக்கல் சீட்டுப் போட்டு விற்றுப் பொருள் திரட்டினர்.

1792இல் அவர்கள் சென்னைக்கு வந்தனர். ஆங்கில வணிகத்தின் பெருந்தலமாய் விளங்கிய அப்பட்டினத்தில் அந்நாளில் துறைமுகமே இல்லை என்பது வியப்பன்றோ! கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். துணிப்பொதியாயினும் ஆளுநராயினும் அலைகளைக் கடக்கப் படகோட்டிகளின் கையையே நம்ப வேண்டும். மசூலா என்றும் சலங்கு என்றும் வழங்கிய அப்படகுகளில் பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் தைத்திருப்பர். ஆணியடித்த மரக்கலம் அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். அலையின் போக்கறிந்து துடுப்பு வலிக்கத் தவறினால் படகு கவிழும், உயிருக்கும் உறுதியில்லை.

டேனியல் இதனைக் கண்டார். தென்கிழக்கிலிருந்து நோக்கிய புனித ஜார்ஜ் கோட்டையின் காட்சியை அவர் வரைந்தபொழுது, ஆட்சியின் சின்னமாகிய கோட்டையைப் பின்னே நிறுத்தினார். பொங்கும் அலைகளும் அவற்றோடு போராடும் படகுகளுமே முன்னே நின்றன. அப்படம் 1797இல் இலண்டனில் வெளிவந்தது.

சென்னையிலிருந்து மதுரை, குற்றாலம், தஞ்சை முதலிய இடங்களுக்கும் அவர்கள் சென்றனர். 1794இல் தாயகம் திரும்பினர். பின்னர் 1808 வரை உழைத்து, இந்தியக் காட்சிகள் 144ஐ அச்சிட்டு வெளியிட்டனர். 1799இல் தாமஸ் அரசக் கலைக்கழகத்தின் உறுப்பினரானார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மகன்போல் வளர்த்த வில்லியம் 1837இல் இறக்க, முதியவர் மேலும் மூன்றாண்டு வாழ்ந்து 1840இல் மறைந்தார்.

சென்னையில் துறைமுகம் கட்டும் பணி 1875இல் தொடங்கியது. கப்பல்கள் கரையை அணுகி நிற்கவே, சலங்குகள் மெல்ல மெல்லக் கடலைவிட்டு நீங்கின. அவற்றைச் செலுத்தியவர்களின் பெயர்களை டேனியலின் படம் கூறவில்லை. அவர்கள் அலையோடு மல்லாடிய காட்சியோ அதில் இன்றும் இருக்கிறது.