மகாவித்துவான் கொடுத்த பாயிரம்

நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு மலைக்கோட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய், படியேறி உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, காவிரிக்கு அப்பால் தெரிகிற ஸ்ரீரங்கம் கோபுரத்தையும் திருவானைக்காவையும் கை நீட்டிக் காட்டாத ஹாஸ்டல்வாசி யார்? ஆனால் இந்த ஊரின் பழைய பெயரையே தன் பெயருக்கு முன்னால் சுமந்த ஒரு பெரும்புலவரை நம்மில் பலருக்குத் தெரியாது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பது அவர் முழுப்பெயர். உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர் என்றால் உடனே புரியும். தமிழ்த் தாத்தாவுக்கு வாத்தியார் என்றால் சும்மாவா!

பிள்ளையவர்கள் 1815-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி, திருச்சிக்குப் பக்கத்திலுள்ள எண்ணெய்க்கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் சிதம்பரம் பிள்ளை தமிழ் ஆசிரியர். குடும்பம் பிறகு அதவத்தூருக்கு வந்தது, அப்புறம் சோமரசம்பேட்டை, அப்புறம் திருச்சி. தகப்பனாரைச் சிறுவயதிலேயே இழந்தவர். சொத்து கிடையாது. இன்றைக்கு நாம் சொல்கிற மாதிரி காலேஜோ சிலபஸோ கிடையாது. ஏட்டுச்சுவடி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அவர் மனசு வைத்தால்தான் படிப்பு.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. திருச்சியில் பிச்சை எடுத்துத் திரிந்த ஒரு பரதேசிக்குத் தண்டியலங்காரம் நன்றாகத் தெரியும் என்று பிள்ளை கேள்விப்பட்டார். அந்த மனிதரோ லேசில் மசிகிற ஆள் இல்லை. பிள்ளை அவர் பின்னாலேயே போய், அவருக்கு வேண்டிய கஞ்சாவைக்கூட வாங்கிக் கொடுத்து, அந்த அணியிலக்கணத்தைப் பாடம் கேட்டார். ஒரு புத்தகத்துக்காக இவ்வளவு பாடுபட்டவர், பிற்காலத்தில் தன்னிடம் படிக்க வந்த ஒருவரையும் அப்படி அலைய வைக்கவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு முதலில் பிடித்தது இதுதான்.

திருச்சியில் இருந்தபோதே அவர் பெயர் பரவிவிட்டது. திருவானைக்கா அம்மன் மீது அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் பாடினார். உறையூருக்குப் புராணம் பாடினார். வாழ்நாளில் அவர் பாடிய தலபுராணங்கள் மட்டும் 22, பிள்ளைத்தமிழ் 10. பாட்டை மனசுக்குள்ளேயே கட்டி, வாயால் சொல்லிக்கொண்டே போவாராம். ஏட்டில் எழுதுகிறவருக்குத்தான் கை வலிக்கும். மகாவித்துவான் பட்டம் கொடுத்தது திருவாவடுதுறை ஆதீனம்.

இவ்வளவு பெரிய புலவரைப் பற்றி நான் இங்கே எழுதக் காரணம் அவர் பாடிய பாட்டு அல்ல. மற்றவர்கள் பாட்டை அவர் எப்படிக் கேட்டார் என்பதுதான். இந்த மலருக்கு மாணவர்கள் அனுப்பிய கதை, கவிதைகளைப் படித்து ஆளுக்கு ரெண்டு வரி அபிப்பிராயம் எழுதித் தரும்படி சங்கத்தார் என்னைக் கேட்டார்கள். நான் செய்வது டிசைன் வேலை. டிராயிங்கில் தப்பு இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் பத்தொன்பது வயசுப் பையன் ராத்திரி கண் விழித்து எழுதிய கவிதையில் அப்படி வட்டம் போடலாமா? எங்கள் பேட்ச்சில் ரொம்ப நன்றாக எழுதிய நண்பன் ஒருவன் இருந்தான். ஒரு பெரிய மனிதர் கூட்டத்தில் அடித்த ஒரு கிண்டலோடு அவன் பேனாவை மூடியவன்தான், அப்புறம் திறக்கவேயில்லை. அதற்காக எல்லாவற்றையும் ஆஹா ஓஹோ என்று சொல்வதா? அதுவும் ஏமாற்றுதானே!

பிள்ளையவர்கள் காலத்தில் இந்த ரெண்டு வரி அபிப்பிராயத்துக்குப் பெயர் சிறப்புப்பாயிரம். நூல் எழுதியவர் பெரிய புலவரிடம் போவார். அவர் படித்துப் பார்த்து ஒரு பாட்டுக் கட்டித் தருவார். அது இருந்தால்தான் நூலுக்கு மதிப்பு. இன்றைய அணிந்துரை, விமர்சனம், சிபாரிசுக் கடிதம் மூன்றும் சேர்ந்தது அது. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தாராளமாகப் பாடிக் கொடுத்தவர் பிள்ளை. அப்படிப்பட்டவர் ஒரே ஒருவரை மட்டும் நடையாய் நடக்க வைத்தார்.

1860-ஐ ஒட்டிப் பிள்ளை திருச்சியை விட்டு மாயூரத்துக்குக் குடிபோனார். மாயூரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை ஊர் ஊராக ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பாரதியார் அதற்கு ஒரு சிறப்புப்பாயிரம் கேட்டுப் பிள்ளையிடம் வந்தார். பிள்ளைக்கோ அதில் இலக்கணப் பிழைகள் கண்ணில் பட்டன. பெரியபுராணத்தில் இல்லாத சம்பவங்களும் கதையில் சேர்ந்திருந்தன. போதாக்குறைக்கு அவருக்குச் சங்கீதத்தில் அவ்வளவு பற்றும் கிடையாது. பிற்காலத்தில் சாமிநாதையர் பாரதியாரிடம் சங்கீதம் கற்கப் போனதைக்கூட, தமிழ்ப் படிப்பு கெட்டுவிடும் என்று நிறுத்தச் சொன்னவர் அவர். ஆனால் பாரதியாரின் முகத்துக்கு நேரே மறுக்க மனசு வரவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்.

பாரதியாரும் சளைக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் வந்தபோது பிள்ளை உள்ளே படுத்திருந்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து, நந்தனாரின் ஏக்கத்தைச் சொல்லும் கீர்த்தனை ஒன்றைத் தமக்குத் தாமே பாட ஆரம்பித்தார். பாட்டில் கரைந்து, தாம் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். உள்ளே இருந்தவர் விழித்துக் கேட்டார். இலக்கணம் எங்கோ போயிற்று, நந்தனாரின் பக்தி ஒன்றுதான் எதிரே நின்றது. உருகிப்போய் எழுந்து வந்தார், அதற்குமேல் தாமதம் செய்யாமல் பாயிரம் பாடிக் கொடுத்தார்.

இந்தச் சம்பவத்தை எழுதி வைத்தவர் சாமிநாதையர். நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாரதியாரின் பிழைகள் அன்று மத்தியானத்தோடு மறைந்துவிடவில்லை. பிள்ளை பொய்யாகப் புகழவுமில்லை. தன் கையில் இருந்த அளவுகோல் இந்த நூலுக்குப் போதாது என்று கண்டுகொண்டார். மைக்ரோமீட்டர் எவ்வளவு துல்லியமான கருவி! ஆனால் அதை வைத்துக் காவிரி வெள்ளத்தை அளக்க முடியுமா? அந்த வயசில், அந்தப் புகழில் இருந்துகொண்டு, கருவியை மாற்றிக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும்.

அதே சமயம், தன் மாணாக்கர்களிடம் அவர் இலக்கணத்தைத் தளர்த்தவில்லை. செய்யுள் செய்யச் சொல்லி, உடன் இருந்து திருத்திக் கொடுத்தார். வீட்டிலேயே வைத்துச் சோறும் போட்டார். கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும் அவர் மாணாக்கர், முஸ்லிமான நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவர் மாணாக்கர். திருச்சி அருகே குளத்தூரில் பிறந்த முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அவர் மீது குளத்துக் கோவை என்று ஒரு நூலே பாடினார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டவர் இந்த வேதநாயகம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிள்ளையவர்களோடு உடன்பாடு இல்லை. குசேலோபாக்கியானம் என்ற காவியத்தைத் தானே பாடி, மாணாக்கர் வல்லூர் தேவராச பிள்ளை பெயரில் வெளிவர விட்டார். அன்பு மிகுதிதான், சந்தேகமில்லை. ஆனால் தைரியம் சொல்வது வேறு, அவனுக்குப் பதில் நாமே எழுதிக் கொடுப்பது வேறு. பிள்ளை நடக்கக் கையைப் பிடிக்கலாம், இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தால் அது எப்போது நடக்கும்?

1871-இல் பதினாறு வயசுப் பையனாக வந்து சேர்ந்த சாமிநாதையர் கடைசிவரை உடன் இருந்தார். 1876 பிப்ரவரி 1-ஆம் தேதி திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் காலமானார். வீட்டில் மிஞ்சியது கடன். ஆனால் அவர் ஊட்டிய தைரியம் வீண்போகவில்லை. லால்குடி பக்கத்துப் பூவாளூரைச் சேர்ந்த தியாகராச செட்டியார் அவருடைய மூத்த மாணாக்கர், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். யாரையும் லேசில் மெச்சாதவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். 1880-இல் ஓய்வு பெற்றபோது, அந்த வேலையைத் தன் இளைய சகபாடி சாமிநாதையருக்குக் கிடைக்கும்படி செய்தார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது, பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் தொடர்ந்து வந்தன.

தம்பி, தங்கைகளே, உங்கள் எழுத்தை யாராவது குறை சொன்னால் பாரதியாரைப் போல மறுபடியும் போய்த் திண்ணையில் உட்காருங்கள். சீனியர் நண்பர்களே, உள்ளே படுத்திருப்பது நாமாக இருந்தால், பாட்டுக் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்ளாமல் எழுந்து வருவோம். பாயிரம் கொடுக்க மகாவித்துவான் பட்டம் தேவையில்லை, படித்துப் பார்க்க அரைமணி நேரம் இருந்தால் போதும்.