திரைத்தொழில் வளர்த்த திருச்செங்கோட்டு மைந்தர்

தமிழ்ப் படங்கள் பலவற்றையும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்று எடுத்துவந்த காலத்தில், சேலத்திலேயே அத்தொழிலை நிலைபெறச் செய்தவர் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் அவர்கள். நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவர் வரலாற்றை எழுத நாம் முற்பட்டதற்குக் காரணம் உண்டு. கல்வி ஒரு மனிதரை எவ்வளவு தொலைவு கொண்டு செல்லும் என்பதற்கும், அக்கல்விக்கு எவை துணைநிற்க வேண்டும் என்பதற்கும் அவர் வாழ்வு சான்றாகும்.

அன்றைய சேலம் மாவட்டத்தில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்செங்கோட்டில், 1907ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நூல் வணிகம் செய்த செல்வக் குடும்பம் அது. இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். அங்கேயே கிளாடிஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்து தாயகம் திரும்பினார். நூல் வணிகத்தில் அமர்ந்திருக்க வேண்டியவரைத் திரைத்தொழில் ஈர்த்தது. ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குகொண்டு அனுபவம் பெற்றபின், 1935இல் சேலம் - ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1937இல் ‘சதி அகல்யா’ வெளிவந்தது.

அவர் பயின்ற படிப்பு வீண்போகவில்லை. பஞ்சு ஒரு வாயிலில் நுழைந்து துணியாக மறுவாயிலில் வெளியேறும் ஆலையின் ஒழுங்கை அவர் படப்பிடிப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்தார். காட்சி அமைப்பும், ஒலிப்பதிவும், படச்சுருள் கழுவுதலும் ஒரே வளாகத்தில் நடந்தன. கலைஞர்களும் தொழிலாளர்களும் மாதச் சம்பளம் பெற்றனர். குறித்த நேரத்துக்கு வராதவர் எத்துணைப் பெரிய நடிகராயினும் அவர் பொறுத்துக்கொண்டதில்லை. இவ்வொழுங்கினாலேயே அந்நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கிற்று.

மொழியும் நாடும் அவருக்கு வேலி ஆகவில்லை. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் அவர் தயாரித்ததே. 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’யை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார், வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம். ஜி. இராமச்சந்திரன். 1952இல் அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்து ‘தி ஜங்கிள்’ என்னும் ஆங்கிலப் படத்தைத் தயாரித்தார். 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமாகிய ‘கண்டம் பெச்ச கோட்டு’ ஆகியவற்றை அளித்தார். பின்னதன் மையப் பாத்திரம் செருப்புத் தைத்துப் பிழைக்கும் முதிய இசுலாமியர். தொழிலால் இழிவாகப் பார்க்கப்பட்ட ஒருவரின் ஈகை வண்ணத் திரையில் முதன்மை பெற்றதை நாம் மகிழ்ச்சியுடன் நினைவுகூர்கிறோம்.

ஆயினும், திரையுலகின் கதவு எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. ‘பாலன்’ வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மலையாளத்தின் முதல் மௌனப்படமான ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது. அதன் நாயகி பி. கே. ரோசி நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவர். நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காக ஆதிக்க சாதியார் வெகுண்டெழ, அவர் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. அதன்பின் அவருக்குத் திரைவாழ்வே இல்லை. சுந்தரம் அவர்களுக்குத் திறமை இருந்தது. அதனுடன் செல்வமும் குடும்பத்தின் ஆதரவும் இருந்தன. ரோசிக்குத் திறமை இருந்தது. காக்க ஒருவரும் இல்லை. இவ்விரு வரலாறுகளையும் சேர்த்தே நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

1963இல் சுந்தரம் அவர்கள் மறைந்தார். அவருக்குப்பின் சில காலம் நடந்த நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. ஆனால் காலம் மாறியிருக்கிறது. நம் மக்களிடையே தோன்றிய பா. இரஞ்சித் அவர்கள் இயக்குநராக மட்டுமன்றித் தயாரிப்பாளராகவும் விளங்கி, 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ படத்தை வெளிக்கொணர்ந்தார். அவர் நிறுவிய நீலம் பண்பாட்டு மையம் ரோசியின் பெயரிலேயே சென்னையில் படவிழா நடத்தியிருக்கிறது.

இளைஞர்களே! சென்னை தரமணியில் அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. எத்தொழிலைத் தேர்ந்தாலும் அதனை முறையாகப் பயிலுங்கள், நேரம் தவறாதீர்கள், அயல்மொழியாருடன் அஞ்சாது பழகுங்கள். உறுப்பினர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: லீட்ஸுக்கு மகனை அனுப்பும் வசதி நம்மில் பலருக்கும் இல்லை. ஒரு தந்தையின் செல்வம் அவருக்குச் செய்ததை, நாம் பலரும் தரும் சிறுதொகை நம் பிள்ளைகளுக்குச் செய்ய இயலும். மேற்படிப்புக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவர்க்கும் மாணவிக்கும் முதலாண்டுச் செலவையேனும் சங்கம் ஏற்கும் நிலையை நாம் உருவாக்குவோம்.