ஆணி பொறுக்கிய காந்தம்

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி, துவாக்குடிப் பக்கம் போகும் பஸ்ஸில் மாறியிருக்கிறீர்களா? புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே டி.வி.எஸ். டோல்கேட் என்று கண்டக்டர் கூவுவார். அந்த மூன்று எழுத்துக்குரியவர் யார் தெரியுமா?

திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார். திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி, நம் ஸ்ரீரங்கம் போலவே பெருமாள் கோயில் ஊர். அங்கே 1877-இல் பிறந்தார். சட்டம் படித்தார், ரயில்வேயில் வேலை, பிறகு வங்கியில் வேலை. எதிலும் மனம் ஒட்டவில்லை. 1911-இல் சொந்தத் தொழிலில் இறங்கி, பஸ் விடலானார்.

அந்தக் காலத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். தார் கிடையாது, கப்பிக் கல்தான். போகிற வண்டியெல்லாம் மாட்டு வண்டி. மாட்டின் குளம்பில் அடித்த லாட ஆணிகள் கழன்று வழியெல்லாம் கிடக்கும். பஸ் டயர் அதன்மேல் ஏறினால் பஞ்சர்தான்! நடுக்காட்டில் பயணிகள் தவிக்க வேண்டும். கிழிந்த டயருக்கு மாற்று வாங்கவோ பெரும் பணம் வேண்டும்.

சுந்தரம் அய்யங்கார் என்ன செய்தார்? பெரிய காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைப் பஸ்ஸுக்கு முன்னால் ஓடவிட்டார். வழியில் கிடந்த ஆணிகளை அது இழுத்துக்கொண்டது. மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இதை இன்றும் சொல்லுவார்கள். அவருடைய பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்வார்களாம்!

ஆணி மட்டுமா டயருக்குப் பகை? காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். அதிகமானால் நடுப்பகுதி தேயும். சக்கரம் நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகிவிடும். உங்கள் சைக்கிள் டயரையே தடவிப் பாருங்கள், தெரியும். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு திருச்சி பைபாஸில் போகும் நீண்ட டிரெய்லர் லாரிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடும். ரப்பர் சீக்கிரமே உதிர்ந்துவிடும்.

தேய்ந்த டயரைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. ரீட்ரெடிங் ஆலை தொடங்கினார். பழைய டயரின் மேற்பரப்பைச் சுரண்டி, புது ரப்பர் போர்த்தி, அச்சில் வைத்துச் சூடாக்கினால் மறுபடி பட்டன் வந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் நூல் தெரிகிற அளவு தேய்ந்துவிட்டால் யாராலும் காப்பாற்ற முடியாது. அதனால் முன்கூட்டியே கழற்ற வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. அப்போது கரியை எரித்து வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியைத் தயாரித்தார். அதற்கு டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று பெயர். எங்கள் அப்பா காலத்தில் வண்டி கிளம்புமுன் அடுப்பைப் போல் அதை மூட்டுவார்களாம்!

1955 ஏப்ரல் 28-இல் கொடைக்கானலில் அவர் காலமானார். 1972-இல் அந்தப் பஸ்கள் அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. திருச்சிக் கண்டக்டர்களோ அவர் பெயரைத் தினமும் கூவிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.